தொகையும் எல்லையும்: பதிலீட்டில் எல்லை மாறும் முறை பற்றிய ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

கணிதத் துறைக்கே உரியதெனக் கருதப்படும் செய்தி ஒன்றைத் தமிழ்த்துறையார் எடுத்து ஆராய்தல் முறையோ எனச் சிலர் வினவக்கூடும். நுண்கணிதத்தில் ஒரு சார்பின் தொகையைக் காணுங்கால், முதலில் உள்ள மாறியை விடுத்து வேறொரு மாறியை அதனிடத்தில் அமைத்துக் கணக்கை எளிதாக்கும் முறை உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனைப் பிரதியிடல் என்னும். நாம் இக்கட்டுரையில் பதிலீடு என வழங்குவாம். மாறியை மாற்றுங்கால் தொகையின் எல்லைகளையும் மாற்றுதல் வேண்டும் என்பது விதி. விதி எளியதே, ஆயினும் மாணவர் பலகாலும் பிழைபடும் இடங்களுள் இஃது ஒன்றாகவே இருந்துவருகிறது. கணக்குப் பயிற்சியின் குறைவு மட்டும் இதற்குக் காரணம் அன்று. எல்லை என்னும் சொல் கற்பார் உள்ளத்தில் எழுப்பும் பொருளும் ஒரு காரணமாகும். சொல்லின் வழியே வந்த இடர்ப்பாட்டைச் சொல்லின் வழியே ஆராய்தல் தமிழாய்வார்க்கு உரிய பணி என்பது நம் துணிபு.

எல்லை என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பது ஊரெல்லையில் நட்ட கல். கல் பெயராது, ஆதலின் எல்லையும் மாறாது எனக் கற்பவன் கருதிவிடுகிறான். ஆனால் தொகையீட்டில் எல்லை என எழுதப்படுவது கல் அன்று. அக்கல் இருக்கும் தொலைவைச் சுட்டும் எண். கல் நிலத்திற்கு உரியது. எண் அளவைக்கு உரியது. அளவை மாறின் கல் நிற்கும், எண் மாறும். இவ்வேறுபாட்டைப் பழந்தமிழ் வழக்கு எவ்வாறு காத்தது, மேலைநாட்டுக் குறியீடு எவ்வாறு மறைத்தது, இன்று அதனை எவ்வாறு மீட்கலாம் என்பனவற்றை முறையே காண்போம்.

விதியும் பிழையும்

முதற்கண் விதியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். மாறியை ம என்றும், அதன் இடத்தில் அமையும் பதிலியை ப என்றும் கொள்க. க, உ, ச முதலிய எழுத்துக்கள் தமிழில் எண்ணுருவும் ஆதலின் அவற்றை மாறிக்குக் கொள்ளாது விடுத்தோம்.

ம 1 முதல் 3 வரை செல்ல, 2ம × (ம² + 1) என்னும் சார்பின் தொகையைக் காணவேண்டும் என்க. ம² + 1 என்பதனை ப எனக் கொண்டால், ப-வின் நுண்கூறு ம-வின் நுண்கூற்றைப்போல் 2ம மடங்காகும். ஆகவே சார்பும் நுண்கூறும் சேர்ந்து, ப × ப-வின் நுண்கூறு எனச் சுருங்கும். இனி எல்லையை நோக்குவாம். ம 1 ஆகுமிடத்துப் ப 2 ஆகும். ம 3 ஆகுமிடத்துப் ப 10 ஆகும். ஆதலின் புதிய தொகை 2 முதல் 10 வரை காணத்தக்கது. ப-வின் தொகை ப-வின் வர்க்கத்திற் பாதி. 100இலிருந்து 4ஐக் கழிக்க 96. அதிற் பாதி 48. இதுவே விடை.

எல்லையை மாற்றாது 1, 3 என்றே விட்டவன் 9இலிருந்து 1ஐக் கழித்து, 8இற் பாதி 4 என்பான். உண்மை விடையில் பன்னிரண்டில் ஒரு பங்கே அவனுக்குக் கிட்டும். அவன் செய்த பெருக்கலும் கழித்தலும் பழுதற்றவை. ம-வுக்கு உரிய எண்களைப் ப-வுக்கு ஏற்றியதே பிழை.

ஆகவே பதிலீட்டில் மாறுவன மூன்று: சார்பின் வடிவம், நுண்கூறு, எல்லை. தொகை கண்டபின் ப-வை நீக்கி மீண்டும் ம-வை அமைத்துக்கொண்டால் பழைய எல்லைகளே பொருந்தும். அதுவும் ஏற்ற முறையே. எம்முறையைக் கைக்கொண்டாலும், எல்லையெண்ணும் மாறியும் ஒன்றற்கொன்று உரியனவாதல் வேண்டும் என்பதே விதியின் உயிர்.

தொகை நூல்களின் சிற்றெல்லையும் பேரெல்லையும்

தொகை, எல்லை என்னும் இரு சொற்களும் கணிதப் பாடநூல்களில் இணைவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழிலக்கிய வரலாற்றில் இணைந்துள்ளன. எட்டுத்தொகை நூல்களுள் அகப்பாட்டுத் தொகைகள் மூன்று அடியளவால் வரையறுக்கப்பட்டன. குறுந்தொகைக்கு நான்கடி சிற்றெல்லை, எட்டடி பேரெல்லை. நற்றிணைக்கு ஒன்பதடி சிற்றெல்லை, பன்னிரண்டடி பேரெல்லை. அகநானூற்றுக்குப் பதின்மூன்றடி சிற்றெல்லை, முப்பத்தோரடி பேரெல்லை. சிற்றெல்லை, பேரெல்லை என்னும் இவ்வழக்கு தொகை நூற்குறிப்புக்களிலும் உரையாசிரியர் உரைகளிலும் பயின்று வருவது தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததே.

ஈண்டு நாம் உற்றுநோக்க வேண்டுவது ஒன்றுண்டு. நான்கு முதல் எட்டு என்று வாளா கூறாமல், நான்கடி முதல் எட்டடி என அளவையையும் சேர்த்தே நம் முன்னோர் எல்லை கூறினர். அடி என்னும் சொல்லை நீக்கிவிடின் எல்லை பொருளற்றதாகிவிடும். அடிக்குப் பதிலாகச் சீரை அளவையாகக் கொண்டு பார்ப்போம். நேரிசையாசிரியத்தில் அடிதோறும் நான்கு சீர் வரும்; ஈற்றயலடி மட்டும் முச்சீர் பெறும். ஆகவே ஒரு பாட்டின் சீர்த்தொகை, அடித்தொகையை நான்கால் பெருக்கி ஒன்று கழித்தால் கிடைக்கும். இதன்படி நேரிசையாசிரியமாக வரும் குறுந்தொகைப் பாட்டின் சிற்றெல்லை 15 சீர். பேரெல்லை 31 சீர். நற்றிணையின் எல்லை 35 சீரும் 47 சீரும் ஆகும். அகநானூற்றின் எல்லை 51 சீரும் 123 சீரும் ஆகும். பாட்டுக்களில் ஓரசையும் கூடவில்லை, குறையவில்லை, தொகையும் அதுவே. அடியைச் சீராக மாற்றினமையால் எல்லையெண்கள் மட்டும் மாறின.

இதுவே கணித நூலார் கூறும் பதிலீடு. அடியை ம எனவும் சீரைப் ப எனவும் கொண்டால், ப = 4ம − 1 என அமையும். அளவையை மாற்றியவன் எல்லையை மாற்றாது விட்டால், நான்கு சீர் முதல் எட்டுச் சீர் வரை எனக் கூறியவனாவான். அத்தகைய பாட்டுக் குறுந்தொகையில் ஒன்றும் இல்லை. பிழையின் தன்மை தமிழ் மாணவனுக்கு இவ்வெடுத்துக்காட்டால் நொடியில் விளங்கும்.

கோலும் குழியும்

இலக்கியத்தில் கண்ட இவ்வுண்மை நிலவளவையில் பொருளாதார வடிவம் பெறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுக்களில் பன்னிருசாண் கோல், பதினாறுசாண் கோல், பதினெண்சாண் கோல் என அளவுகோல்கள் பல வழங்கின. நிலத்தின் பரப்பைக் குறிக்குங்கால், இன்ன கோலால் அளந்தது எனக் கல்வெட்டுக்கள் விதந்து கூறுவதைப் பல இடங்களிற் காணலாம். கோலளவு பொறிக்கப்பட்ட கோயிற் சுவர்களும் உள. இவையெல்லாம் வெற்று விளக்கங்கள் அல்ல. அளவை சுட்டாத எண் வழக்குக்கு இடந்தரும் என்பதை உணர்ந்தோர் செய்த காப்புக்கள் ஆகும்.

ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய சதுரத்தைக் குழி எனக் கொள்வோம். பன்னிருசாண் கோலால் அளக்குங்கால் 24 கோல் நீளமும் 12 கோல் அகலமும் உடைய புலம் ஒன்று 288 குழி ஆகும். அதே புலத்தைப் பதினாறுசாண் கோலால் அளந்தால் நீளம் 18 கோல், அகலம் 9 கோல். பரப்பு 162 குழி. பெரிய குழி ஒன்று சிறிய குழியைப்போல் ஒன்பதில் பதினாறு பங்கு, அஃதாவது 16/9 மடங்கு பெரிது. 162ஐ 16/9ஆல் பெருக்க மீண்டும் 288 சிறு குழி வரும். நிலம் ஒன்றே என்பது உறுதிப்படுகிறது.

இனி, அளப்போன் குழியை மட்டும் புதியதாகக் கொண்டு, எல்லைக்குப் பழைய 24, 12 என்னும் எண்களையே எழுதிவிட்டான் என்க. 288 பெருங்குழி என்று ஓலையில் ஏறும். நிலம் ஒரு விரற்கடையும் வளராதிருக்க, இறை மட்டும் ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேல் வளர்ந்துவிடும். மறுதலையாக, எல்லையெண்களை மாற்றிக் குழியைப் பழையதாகவே கொண்டால் 162 சிறு குழி என்றாகும். உடையவன் நிலத்தில் ஒரு பகுதி ஏட்டளவில் மறையும். முன்னையது எல்லையை மாற்றாத பிழை; பின்னையது நுண்கூற்றை மாற்றாத பிழை. நுண்கணித வகுப்பில் மதிப்பெண் இழப்பாக முடியும் தவறு, நிலவளவையில் குடியானவனின் விளைச்சலைத் தொடும் தவறாகிறது. கணக்கதிகாரம் போன்ற தமிழ்க் கணித நூல்கள் நிலம், நெல், பொன் முதலியவற்றின் அளவை மாற்றங்களை விரிவாகப் பயிற்றியதன் பயன் இதனால் தெளிவாகும்.

தகடூர் நாட்டில் அளவை மாறிய வரலாறு

அதியமான் நெடுமானஞ்சியின் தகடூரே இன்றைய தருமபுரி. இவ்வட்டாரத்தில் எண்ணும் அளவையும் இணைந்தே செல்லவேண்டும் என்பதற்குச் சான்றுகள் பல காலத்தனவாக உள்ளன. இங்குள்ள நடுகற்கள் பலவும் அரசனின் ஆட்சியாண்டு கூறியே காலத்தைக் குறிக்கின்றன. ஆட்சியாண்டின் எண் மட்டும் எஞ்சி அரசன் பெயர் சிதைந்துவிட்டால், அந்த எண்ணைக் கொண்டு காலம் துணிதல் இயலாது. அரசன் பெயர் ஈண்டு மாறியைப் போன்றது. ஆண்டெண் எல்லையைப் போன்றது.

1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் நாடு திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்தின் கைக்கு வந்தது. அதன் ஆட்சிக்கு அலெக்சாந்தர் ரீடு தலைமை பூண்டார். அவருக்குத் துணைவராய் அமைந்தோருள் தாமசு மன்றோ ஒருவர். மன்றோ 1799 வரை இந்நாட்டில் பணியாற்றினார், தருமபுரியில் தங்கியிருந்தார். இவர்கள் காலத்தில் புலந்தோறும் நிலத்தை அளந்து, உழுவோன்மீதே நேராக வரி விதிக்கும் இரயத்துவாரி முறை உருப்பெற்றது. பின்னர்ச் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய அம்முறையின் தொட்டில் இந்நிலமே எனலாம். அக்கால ஆவணங்கள் பாராமகால் ஆவணங்கள் என்னும் பெயரால் 1907 முதல் அச்சேறின.

அவர்கள் தொடங்கிய புல அளவையும் பிற்கால நிலவளவைகளும் நாட்டளவைகளின் இடத்தில் ஏக்கரை நிலைநிறுத்தின. கண்டர் சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடையது; பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். கோணல்மாணலான புலத்தை அளப்போர், நடுவே ஒரு நேர்கோடு அமைத்து, அதன்மேல் பல இடங்களிலிருந்து வரப்பு வரை செங்குத்துத் தொலைவுகளை அளந்து, புலத்தை முக்கோணங்களும் சரிவகங்களுமாகப் பகுத்துக் கூட்டுவர். கூறுகள் நுண்ணியவாக ஆக, கூட்டல் தொகையீட்டை நெருங்கும். நேர்கோட்டின் தொடக்கமும் முடிவும் தொகையின் எல்லைகள். அவை கண்ணிக் கணக்கில் எழுதப்பட்டனவா, மீட்டர்க் கணக்கில் எழுதப்பட்டனவா என்பதை அறியாமல் பரப்புக் கூற ஒருவராலும் இயலாது.

1956ஆம் ஆண்டின் நிறை அளவைத் தரச் சட்டத்தால் மெட்ரிக் முறை இந்தியாவிற்குச் சட்டமுறையாயிற்று. பின்னர்ப் பட்டாக்கள் எக்டேர், ஏர் என்னும் அளவைகளில் எழுதப்படலாயின. உழவர் பேச்சில் ஏக்கரும் செண்டும் இன்றும் வழங்குகின்றன. ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 செண்ட். ஆகவே பட்டாவில் 40½ ஏர் எனக் காண்பது ஏறத்தாழ ஓர் ஏக்கர். எண்ணை மட்டும் நோக்கி அதனை 40½ செண்ட் எனக் கொண்டால், விற்பவன் தன் நிலத்தில் பாதிக்கும் மேற்பட்டதை இழந்தவனாவான். எல்லையெண்ணை அளவையினின்று பிரிக்கலாகாது என்னும் விதி தருமபுரி உழவனுக்கு ஏட்டுவிதி அன்று, வாழ்க்கை விதி.

மேலைநாட்டுக் குறியீட்டின் வரலாறு

இங்ஙனம் அளவையோடு சேர்ந்தே நின்ற எல்லை, நுண்கணிதத்தில் எப்போது தனித்த எண்ணாயிற்று என்பது அடுத்து ஆராயத்தக்கது.

செருமானிய அறிஞர் லைப்னிட்சு 1675ஆம் ஆண்டுக் கையேட்டில் தொகையீட்டுக்கு நீண்ட எழுத்துருவம் ஒன்றைக் குறியாக அமைத்தார். அது தொகை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் முதலெழுத்து. தமிழில் தொகையீடு என வழங்குவது அப்பொருளுக்கு முற்றும் இயைந்தது. ஆனால் லைப்னிட்சின் குறியில் எல்லைக்கு இடம் இல்லை. எங்குத் தொடங்கி எங்கு முடியும் என்பதைச் சொற்களால் உரைப்பதே அக்கால வழக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆயிலர் எல்லைகளைப் பகர அடைப்புக்குள் எழுதினார். அவர் எழுதிய முறை, இன்ன மாறி இவ்வளவு ஆகுமிடத்திலிருந்து இவ்வளவு ஆகுமிடம் வரை என மாறியின் பெயரை விதந்து கூறுவதாக இருந்தது. நான்கடிச் சிற்றெல்லை என்ற நம் வழக்கோடு இஃது ஒத்திருத்தல் காண்க. இரு மாறிகளுடைய தொகையில் மாறிகளை மாற்றும் முறையை 1769இல் ஆராய்ந்தவரும் அவரே.

பிரஞ்சு அறிஞர் பூரியே, தொகைக் குறியின் அடியிலும் முடியிலும் எல்லையெண்களை இடும் முறையை வகுத்தார். 1822இல் வெளிவந்த வெப்பக் கொள்கை பற்றிய அவர் நூலால் அம்முறை பரவியது. 1823இல் கோசி தம் பாடநூலில் அதனை ஏற்றுக்கொண்டார். வரையறுத்த தொகைக்குக் கூறுகளின் கூட்டலைக் கொண்டு இலக்கணமும் வகுத்தார். பூரியேயின் குறி சுருக்கமும் அழகும் வாய்ந்தது. எழுதுவதற்கும் அச்சிடுவதற்கும் எளிது. ஆயினும் சுருக்கத்திற்கு ஒரு விலை உண்டு. எல்லையில் எண் மட்டும் நின்றது. மாறியின் பெயர் மறைந்தது. குறியின் வலக்கோடியில் நுண்கூற்றைப் பார்த்தே இவ்வெண் எம்மாறிக்கு உரியது எனக் கற்பவன் உய்த்துணர வேண்டியதாயிற்று. வலக்கோடியில் மாறியை மாற்றுபவன் இடக்கோடியில் இருக்கும் எண்களை மறத்தல் இயல்பே. மாணவர் செய்யும் பிழைக்குப் பாதிக் காரணம் இக்குறியீட்டிலேயே அமைந்துள்ளது என்பது நம் கருத்து.

நம் அண்டை மொழியாம் மலையாளத்தில் சேட்டதேவர் பதினாறாம் நூற்றாண்டில் இயற்றிய யுக்திபாசை என்னும் உரைநடை நூலும் ஈண்டு நினைக்கத்தக்கது. மாதவர் வழிவந்த கேரளக் கணித மரபினர், ஒரு நீளத்தை மிகப்பல நுண்கூறுகளாகப் பகுத்து, அக்கூறுகள்மேல் எழும் அளவுகளைச் சங்கலிதம் என்னும் பெயரால் கூட்டி, வட்டத்தின் சுற்றளவைக் காணும் தொடரைப் பெற்றனர். கூறுகளின் எண்ணிக்கை வேறு, நீளம் வேறு என்னும் தெளிவு இன்றேல் அம்முறை நடவாது. நாட்டுமொழியின் உரைநடையே இந்நுட்பங்களைத் தாங்க வல்லது என்பதற்கும் அந்நூல் சான்றாகும்.

இராமானுசன் அறிக்கைகள் காட்டும் நுட்பம்

எல்லையை மாற்றாமையால் வரும் பிழை சிறுவர் பிழை என எண்ணற்க. எல்லைகள் சுழியும் முடிவிலியும் ஆகுமிடத்து அப்பிழை கற்றாரையும் மயக்கும். 1887இல் ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுசன், 1913ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்று, 1914இல் இங்கிலாந்து செல்லுமுன் காலாண்டு அறிக்கைகள் மூன்று அளித்தார். வரையறுத்த தொகைகளைப் பற்றிய அவ்வறிக்கைகளில், இத்தாலிய அறிஞர் புருல்லானியின் தேற்றத்தை அவர் விரிவுபடுத்தியுள்ளார். அத்தேற்றத்தின் எளிய வடிவம் நம் பொருளுக்கு ஏற்ற விளக்கமாகும்.

மாறி சுழியாகுங்கால் 1ஆக நின்று, பின் விரைந்து தேய்ந்து சுழியை அணுகும் சார்பு ஒன்றைக் கொள்க. அதில் மாறியின் இடத்தில் 2ம அமைத்துப் பெறும் மதிப்பிலிருந்து 3ம அமைத்துப் பெறும் மதிப்பைக் கழித்து, ம-வால் வகுத்து, சுழி முதல் முடிவிலி வரை தொகை காண்க. தொகையை இரண்டாகப் பிரித்து, முன்னதில் 2ம-வையும் பின்னதில் 3ம-வையும் ப எனக் கொண்டால், இரண்டும் வேறுபாடின்றி ஒரே வடிவம் பெறும். சுழியை இரண்டால் பெருக்கினும் மூன்றால் பெருக்கினும் சுழியே; முடிவிலியும் அத்தகையதே. ஆகவே எல்லைகள் மாறவில்லை, இரு தொகைகளும் ஒன்று, வேறுபாடு சுழி எனத் தோன்றும். ஆனால் முதற்சார்பு எங்கும் நேர்ம மதிப்புடையது. அதன் தொகை சுழியாதல் இயலாது.

மயக்கம் எங்குள்ளது? பிரித்த இரு தொகைகளும் தனித்தனியே முடிவிலியாகப் பெருகுவன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தல் பொருளற்றது. சுழியில் தொடங்காது மிகச் சிறிய ஓர் எண்ணில் தொடங்குவோம். பதிலீடு செய்தபின் முன்னது அச்சிற்றெண்ணின் இருமடங்கிலும் பின்னது மும்மடங்கிலும் தொடங்கும். ஆகவே கழித்தபின் இருமடங்குக்கும் மும்மடங்குக்கும் இடைப்பட்ட சிறு துண்டு எஞ்சி நிற்கும். துண்டு எத்துணைச் சிறிதாயினும் அதன்மேல் உள்ள தொகை சுருங்குவதில்லை. அது 3/2இன் இயல்மடக்கையை, ஏறத்தாழ 0.405 என்னும் மதிப்பை, அணுகி நிற்கும். அதுவே விடை. மாறவில்லை எனத் தோன்றிய எல்லை உண்மையில் மாறியது. அம்மாற்றத்திலேயே விடை முழுதும் அடங்கியிருந்தது.

ஒருபெயர் பலவற்றுக்கு ஆதல்

எல்லையை மாற்றினும் போதாத இடம் ஒன்றுண்டு. ம −1 முதல் 1 வரை செல்ல, ம-வின் வர்க்கத்தைப் ப எனக் கொள்வோம். இரு முனையிலும் ப 1 ஆகும். தொடக்கமும் முடிவும் ஒன்றாதலின் தொகை சுழி எனக் கூறின் அது தவறு. ம-வின் வர்க்கத்தின் தொகை அவ்விடையில் 2/3 ஆகும். ப 1இலிருந்து சுழிக்கு இறங்கி மீண்டும் 1க்கு ஏறியது. சென்ற வழியும் மீண்ட வழியும் ஒரே எண்களால் குறிக்கப்பட்டமையால் வழிநடை மறைந்தது. இத்தகைய இடத்தில் தொகையைச் சுழியில் இரண்டாகப் பிரித்தே பதிலீடு செய்தல் வேண்டும்.

இலக்கிய வரலாறு எழுதுவார்க்கு இவ்வெச்சரிக்கை புதிதன்று. அறுபதாண்டு வட்டத்தில் பிரபவ என்னும் பெயர் 1867இலும் 1927இலும் 1987இலும் வந்தது. ஒரு பிரபவ ஆண்டில் பிறந்து மறு பிரபவ ஆண்டில் மறைந்த புலவரின் வாழ்நாளை, ஆண்டுப்பெயர்களை மட்டும் ஒட்டிக் கணக்கிட்டால் சுழி என்றே வரும். ஆண்டைப் பெயராக மாற்றிய பதிலீடு, வேறுபட்ட ஆண்டுகளுக்கு ஒரே பெயர் தருவதால் இடைப்பட்ட காலத்தை விழுங்கிவிடுகிறது. வட்டம் எத்தனை முறை சுழன்றது என்பதைப் பிற சான்றுகளால் துணிந்த பின்னரே காலவெல்லை கூறுதல் தகும்.

கலைச்சொல் வரலாறும் நம் கருத்தும்

கணிதத்தைத் தமிழில் எழுதும் முயற்சி நெடுநாளையது. யாழ்ப்பாணத்தில் கறல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் 1855இல் வெளிவந்தது. அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென 1916இல் சேலத்தில் சங்கம் ஒன்று நிறுவப்பெற்றது. இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் அதனை முன்னின்று நடத்தினர். சேலம் என்னும் அப்பெயரை இன்றைய எல்லைகொண்டு படித்தல் கூடாது. அக்காலச் சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரியையும் கிருட்டிணகிரியையும் தன்னகத்துக் கொண்டிருந்தது. தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2இல் பிரிந்தது. அதனின்று கிருட்டிணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9இல் பிரிந்தது. இராசகோபாலாச்சாரியார் 1878இல் பிறந்த தொரப்பள்ளி சேலம் மாவட்டத்து ஊராய் இருந்து, தருமபுரி மாவட்டத்து ஊராகி, இன்று கிருட்டிணகிரி மாவட்டத்து ஊராக உள்ளது. ஊர் பெயரவில்லை, அதனைச் சூழ்ந்த எல்லையே பெயர்ந்தது.

1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு தொடங்கப்பெற்ற பின்னர், கல்லூரிப் பாடநூல்கள் தமிழில் பெருகின. தொகையீடு, வரையறுத்த தொகை, கீழ் எல்லை, மேல் எல்லை முதலிய சொற்கள் இன்று பள்ளி மாணவனும் அறிந்தவை. ஆயினும் ஒரு சார்பு அணுகிச் செல்லும் மதிப்பையும் எல்லை என்கிறோம். தொகை தொடங்கி முடியும் இடங்களையும் எல்லை என்கிறோம். முன்னது அணுகப்படுவது, பின்னது அமர்ந்து நிற்பது. ஒரு சொல் இரு பொருள் தாங்குதல் கற்பார்க்குச் சுமையே.

கீழெல்லை, மேலெல்லை என்பவற்றை நீக்கிச் சிற்றெல்லை, பேரெல்லை என்னும் பழஞ்சொற்களை ஆளலாமோ என்பது ஆராயத்தக்கது. அவை இனியவை; தொகையோடு பழகியவை. ஆயினும் ப = 1 − ம எனப் பதிலீடு செய்தால், ம 0 முதல் 1 வரை செல்லப் ப 1 முதல் 0 வரை செல்லும். தொடக்கத்தெண் பெரிது, முடிவெண் சிறிது. பெரிய எண்ணைச் சிற்றெல்லை என்பது முரணாகும். கீழெல்லை, மேலெல்லை என்பன குறியில் எண் அமர்ந்த இடத்தை மட்டும் சுட்டுவன ஆதலின் இம்முரணுக்கு ஆளாகா. ஆகவே வழக்கிலுள்ள சொற்களே நிற்கத்தக்கன.

சொல்லை மாற்றவேண்டுவதில்லை, சொல்லும் முறையையே மாற்றவேண்டும். கீழெல்லை 1 எனக் கூறாது, ம-வின் கீழெல்லை 1 எனக் கூறுக. பதிலீடு செய்தவுடன், ப-வின் கீழெல்லை 2 என எழுதுக. நான்கடிச் சிற்றெல்லை எனத் தொகுத்தோரும், பதினாறுசாண் கோலால் எனக் கல்லில் வெட்டுவித்தோரும் இம்முறையையே கையாண்டனர். ஆயிலர் எழுத்திலும் இதுவே நின்றது. மாறியின் பெயர் எல்லையின் முன் நிற்குமாயின், மாறியை மாற்றுபவன் எல்லையைத் தொடாமல் கடத்தல் அரிது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் போதருவன வருமாறு. தொகையீட்டில் எல்லையெண் பொருளுக்கு உரியதன்று, மாறிக்கு உரியது. ஆதலின் மாறியோடு அதுவும் மாறும். தமிழிலக்கியத் தொகை மரபும் நிலவளவை மரபும் எல்லையை அளவையோடு சேர்த்தே கூறின. 1822க்குப் பின் பரவிய குறியீடு சுருக்கம் கருதி அளவையின் பெயரை மறைத்தது. மறைந்த பெயரைத் தமிழ்வழிக் கற்பிப்போர் வாய்மொழியிலும் எழுத்திலும் மீட்டுரைப்பின், மாணவர் பிழை பெரிதும் நீங்கும். பாடநூல் எழுதுவோரும் கலைச்சொல் ஆக்குவோரும் இக்கருத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பாராக.